ஓடும்போது ஒழுகுகிறதா, நிற்கும்போது ஒழுகுகிறதா?

பழைய காரின் அடியில் சிவப்பாக எண்ணெய் சொட்டியிருந்தால், பார்ப்பவர்கள் எல்லாரும் "எங்கிருந்து ஒழுகுகிறது?" என்றுதான் கேட்பார்கள். அதற்கு விடை கிடைக்க வேண்டுமானால் முதலில் இன்னொன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: எப்போது ஒழுகுகிறது? வண்டி ஓடிச் சூடாகி, உள்ளே அழுத்தம் ஏறியிருக்கும்போதா? அல்லது இன்ஜினை அணைத்துவிட்டு நாம் தூங்கிக்கொண்டிருக்கும்போதா? என் காரின் கியர்பாக்ஸில் ஒன்றின் மறைவில் ஒன்றாக இரண்டு ஒழுகல்கள் இருந்தன. இந்தக் கேள்வியை வைத்துத்தான் அவற்றைப் பிரித்தறிய முடிந்தது.

கார், புரோட்டோன் வீரா 1.6, ஆட்டோ கியர். 1996இல் அப்பா புதிதாக வாங்கியது. 1993இல் அறிமுகமான வீரா, மிட்சுபிஷி லான்சரை அடிப்படையாகக் கொண்டது. அதனால் இன்றும் மலேசியாவின் பினாங்கில் அதற்கு உதிரிப்பாகம் தேடி அலைய வேண்டியதில்லை. கடன் முடிந்த கார் என்பதைத் தவிர அதை வைத்திருக்க எனக்கு உருக்கமான காரணம் எதுவும் இல்லை. வீடு குளுகோரில், வேலை பிறையில். காலையும் மாலையும் பினாங்கு பாலத்தின் 13.5 கிலோமீட்டரைக் கடந்தாக வேண்டும். விடுமுறையில் பாலிக் புலாவில் இருக்கும் சின்னம்மா வீட்டுக்குப் போவோம். டுரியான் காலத்தில் அடிக்கடி. பாயா தெருபோங்கிலிருந்து ஜாலான் துன் சார்டோன் வழியாக மலை ஏறி இறங்க வேண்டும்.

கோளாறு முதலில் வெளிப்பட்டது அந்த ஏற்றத்தில்தான். வளைவில் திரும்பும்போது இன்ஜின் சத்தம் மட்டும் உயரும், வண்டி உந்தாது. நேரான பாதைக்கு வந்ததும் சரியாகிவிடும். கியர்பாக்ஸ் எண்ணெய் குறைந்திருக்கும்போது இப்படித்தான் நடக்கும். வளைவில் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்க, பம்ப் எண்ணெயோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சிவிடுகிறது. அழுத்தம் விழுந்ததும் உள்ளே இருக்கும் கிளட்ச் தகடுகள் வழுக்குகின்றன. காலையில் டி-யில் போட்டால் ஒரு கணம் தயங்கிவிட்டுத்தான் வண்டி பிடித்தது. அதுவும் அதே சேதியைத்தான் சொன்னது. இதற்கிடையே, அடுக்குமாடியின் நிர்வாக அலுவலகம் எண்ணெய்க் கறையைக் கழுவச் சொல்லி என் கண்ணாடியில் ஒரு தாளையும் ஒட்டிவிட்டுப் போயிருந்தது.

சொட்டியது என்ன என்பதை உறுதி செய்வது எளிது. வெள்ளை டிஷ்யூத் தாளைத் தரையில் ஒற்றி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் போதும். நிறமே இல்லாமல் நீர்த்திருந்தால் அது ஏர்கண்டிஷனர் தண்ணீர்; நம் ஊர் வெயிலில் அது சொட்டாத கார்தான் கவலைக்குரியது. பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ, தண்ணீர் போல நீர்த்து, இனிப்பு வாடை அடித்தால் ரேடியேட்டர் கூலண்ட். பழுப்பிலிருந்து கறுப்பு வரை இருந்தால் இன்ஜின் எண்ணெய். சிவப்பாக, வழுவழுப்பாக இருந்தால் கியர்பாக்ஸ் எண்ணெய். அந்தச் சிவப்பு, தயாரிக்கும்போது அடையாளத்துக்காகச் சேர்க்கும் சாயம் மட்டுமே. பழசாகப் பழசாக அது பழுப்பாகும். கருகிய வாடையும் சேர்ந்துகொண்டால் உள்ளே தகடுகள் தேய்ந்துகொண்டிருக்கின்றன என்று பொருள். அப்போது ஒழுகலைவிடப் பெரிய பிரச்சினை காத்திருக்கிறது. என்னுடையது மங்கிய சிவப்பு, கருகல் வாடை இல்லை.

ஆனால் சிவப்பு என்பதாலேயே கியர்பாக்ஸ் என்று முடிவு கட்டிவிட முடியாது. அந்தக் காலத்துக் கார்களின் பவர் ஸ்டீயரிங்கிலும் பெரும்பாலும் இதே வகைச் சிவப்பு எண்ணெய்தான் ஓடுகிறது. ஸ்டீயரிங் பம்ப் இன்ஜினின் பெல்ட் பக்கம் இருக்கும், கியர்பாக்ஸ் மறுபக்கம் இருக்கும், ஆகவே குழப்பம் வராது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் ரேக் இன்ஜினுக்குப் பின்னால் குறுக்காகக் கிடக்கிறது. அதற்குப் போகும் குழாய் ஒன்று கசிந்தால் எண்ணெய் எந்தப் பக்கமும் வழிந்து வரலாம். இதைத் தீர்க்க, ஸ்டீயரிங் எண்ணெய்க் குப்பியின் மீது மட்டம் இருக்கும் இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டேன். கோடு அப்படியே இருக்க, கியர்பாக்ஸ் மட்டம் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. ஸ்டீயரிங் மீதிருந்த சந்தேகம் தீர்ந்தது.

கியர்பாக்ஸ் மட்டத்தைப் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. இன்ஜின் எண்ணெயைப் பார்ப்பது போல அணைத்துவிட்டுக் குச்சியை உருவினால் பொய்யான அளவுதான் தெரியும். மிட்சுபிஷி வழி வந்த இந்தப் பெட்டிக்கு, கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக்கும் கால்பிரேக்கும் பிடித்துக்கொண்டு எல்லா கியர்களையும் ஒரு சுற்று போட்டு, நியூட்ரலில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். குச்சியைத் துடைத்து மறுபடியும் செருகி எடுத்து, சூட்டுக்கான குறியில் படிக்க வேண்டும். ஹோண்டாவில் இன்ஜினை அணைத்துவிட்டுப் பார்க்கச் சொல்வார்கள். ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் முறையைவிட உங்கள் கார் கையேடு சொல்லும் முறையே பெரிது. எண்ணெய் வகையிலும் அதே கதைதான். டெக்ஸ்ரான் என்பது ஜெனரல் மோட்டார்ஸ் வகுத்த தரம். மிட்சுபிஷி தன் பெட்டிகளுக்கு எஸ்பி என்ற வரிசையை வைத்திருக்கிறது. இரண்டும் சிவப்புதான், ஆனால் ஒன்றுக்கு ஒன்று மாற்றல்ல.

பட்டறைக்குப் போனேன். அங்கே ஃபோர்மேன் காரைத் தூக்கி நிறுத்தி, டார்ச் அடித்துப் பார்த்தார். கியர்பாக்ஸின் அடித்தட்டு, அதன் விளிம்பு, இன்ஜினோடு சேரும் மணிக்கூடு (மணி வடிவ உறை), எல்லாமே எண்ணெயும் புழுதியும் சேர்ந்த கருஞ்சேறாக இருந்தன. "அக்கா, இது முன் பம்ப் சீல். பெட்டியை இறக்கியே ஆக வேண்டும். இறக்கினால் ஓவர்ஹாலும் செய்துவிடுவது நல்லது" என்றார். சீல் என்பது சுழலும் தண்டைச் சுற்றி எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் வளையம். 2,800 வெள்ளி (ரிங்கிட்) கேட்டார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அந்த நிலையில் அந்தக் காரைப் பார்த்த யாரும் மிக மோசமான இடத்தைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். ஆனால் எண்ணெய் எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதை நாங்கள் இருவருமே கண்ணால் பார்க்கவில்லை. பெட்டியை இறக்குமளவுக்குச் செலவு வைக்கும் ஒரு முடிவை ஊகத்தின் மேல் எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பட்டர்வொர்த்தில் லாரிப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமாவிடம் சொன்னேன். "முதலில் கழுவும்மா. கழுவாத வண்டியில் எல்லா இடமும்தான் ஒழுகும்" என்றார்.

கழுவுவது என்றால் அவர் விளையாட்டாகச் செய்யவில்லை. அழுக்கு நீக்கும் கரைசலைத் தெளித்து, பழைய பெயின்ட் பிரஷால் தேய்த்து, சிறிது நேரம் ஊறவிட்டு, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் விட்டார். அதிக அழுத்தத்தில் பீய்ச்சினால் மின்இணைப்புகளுக்குள்ளும் கியர்பாக்ஸின் மூச்சுக்குழாய்க்குள்ளும் தண்ணீர் போய்விடும். பிறகு துணியால் துடைத்து, முழுவதும் காய விட்டு, உலோகம் வெள்ளையாகத் தெரிந்த இடங்களிலெல்லாம் முகப்பவுடரைத் தூவினார். எண்ணெய் ஒரு துளி வந்தாலும் பவுடரில் கறுத்த கோடு விழும். அந்தக் கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் இடம். புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயத்தை எண்ணெயில் கலந்து தேடும் முறையும் உண்டு, பட்டறைகள் செய்கின்றன. எங்கள் வேலைக்கு பவுடரே போதுமானதாக இருந்தது.

இதில் இரண்டு விதிகள் உண்டு. எண்ணெய் கீழ்நோக்கி வழியும். ஆகவே ஈரத்தின் மிக உயரமான புள்ளியைத் தேட வேண்டும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று எண்ணெயைப் பின்னுக்குத் தள்ளும். ஆகவே மிக முன்னால் இருக்கும் புள்ளியைத் தேட வேண்டும். பாலத்தின் மேல் வேகமாகப் போய்விட்டு வந்து பார்த்தால் எண்ணெய் எங்கெங்கோ பரவியிருக்கும். அதனால் கழுவிய பிறகு முதல் சோதனையை நின்ற இடத்திலேயே செய்தோம். சமதளம், சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, கைப்பிரேக். நான் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்திக்கொண்டு கியரை மாற்ற, மாமா பானட்டைத் திறந்து பக்கவாட்டில் நின்று டார்ச் அடித்தார். ஓடும் காருக்கு முன்னால் நிற்கக்கூடாது, அடியில் போகவே கூடாது. அணைத்த காரின் அடியில் போவதாக இருந்தாலும் ஜாக்கை மட்டும் நம்பாமல் ஜாக் ஸ்டாண்ட் வைத்தாக வேண்டும்.

குளிர்ந்த இன்ஜினில் ஒன்றும் தெரியவில்லை. வெளியே ஓட்டிச் சூடாக்கிவிட்டு வந்ததும் தெரிந்தது. கியர்பாக்ஸிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் கூலர் ரப்பர் குழாயின் முனையில், கிளிப்புக்குக் கீழே, எண்ணெய் முத்து முத்தாகக் கட்டி, குழாயோடு வழிந்து, அடித்தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்து, தட்டின் பின்மூலையில் சொட்டிக்கொண்டிருந்தது. கீழிருந்து பார்ப்பவருக்கு அடித்தட்டு கேஸ்கெட் போலவும், மணிக்கூட்டுச் சீல் போலவும் தோன்றியதற்குக் காரணம் அந்த விளிம்புதான். ஏறக்குறைய முப்பது வருட வெப்பத்தில் ரப்பர் காய்ந்த முருங்கைக்காய் போல இறுகிப்போயிருந்தது. சூடாகி, பம்ப் அழுத்தம் ஏறி, எண்ணெயும் நீர்த்துப்போகும்போதுதான் அது கசியும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் பக்கம் நெரிசலில் ஊர்ந்துவிட்டு வந்த இரவில் கறை வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது ஏன் என்பது அப்போதுதான் விளங்கியது. நின்று நின்று ஊர்ந்தால் கியர்பாக்ஸ் எண்ணெய் நெடுஞ்சாலையைவிட அதிகமாகச் சூடாகும்.

குழாயை மாற்றுவது சிறிய வேலை, ஆனால் கடையில் சரியான பொருளைக் கேட்டு வாங்க வேண்டும். ரேடியேட்டர் தண்ணீர்க் குழாய் எண்ணெய்க்கு ஆகாது; சில வாரங்களிலேயே ஊதிப் பிளந்துவிடும். கியர்பாக்ஸ் எண்ணெய்க் கூலருக்கென்றே வரும் குழாய் வேண்டும். போவதும் வருவதும் ஒரே வயது என்பதால் இரண்டையும் மாற்றினோம். கிளிப்பை வெறிகொண்டு முறுக்கினால் ரப்பரை வெட்டிவிடும். பிடிப்பு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். குழாயும் கிளிப்பும் சேர்த்து நாற்பது வெள்ளிக்குள் முடிந்தது.

கூலரைப் பற்றி இன்னொன்று. இந்தக் கார்களில் கியர்பாக்ஸ் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. அது உள்ளே ஓட்டையானால் தரையில் ஒரு சொட்டும் விழாது, ஆனால் மட்டம் குறையும், அல்லது கூடும். குச்சியில் எண்ணெய் ஸ்ட்ராபெரிப் பால் நிறத்தில் நுரைத்திருந்தால் கூலண்ட் கலந்துவிட்டது என்று பொருள். அப்படியானால் காரை அந்த இடத்திலிருந்து ஓட்டக்கூடாது, இழுவை வண்டியைத்தான் கூப்பிட வேண்டும். தகடுகளின் உராய்வுப் படலத்தை தண்ணீர் பிரித்தெடுத்துவிடும்.

குழாய் மாற்றிய பிறகு கறை பாதிக்கும் கீழே குறைந்தது, முற்றிலும் நிற்கவில்லை. பட்டறையில் இதைச் சொல்லியிருந்தால் "அப்போதே சொன்னேனே, பம்ப் சீல்" என்றிருப்பார்கள். இங்கேதான் எப்போது என்ற கேள்வி கைகொடுத்தது. மளிகைக் கடையில் வாங்கிய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து வைத்துக்கொண்டேன். வேலை முடிந்து வந்ததும் அடியைத் துடைத்துவிட்டு ஓர் அட்டை. ஓடும்போது வெளியேறிய எண்ணெயின் மிச்சம் அதில் விழும். இரவுச் சாப்பாடு முடிந்து இறங்கிவந்து அதை எடுத்துவிட்டு இன்னோர் அட்டை. நிற்கும்போது ஒழுகுவது அதில் விழும். அட்டையின் மேல் சக்கரம் இருக்கும் இடத்தைப் பேனாவால் குறித்துக்கொண்டால், சொட்டு காரின் எந்தப் பாகத்துக்கு நேர்கீழே விழுகிறது என்பதையும் ஒப்பிடலாம். முதல் அட்டை சுத்தமாக இருந்தது. இரண்டாவதில் சிறிய சிவப்பு வட்டங்கள், சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட் ஒன்று கியர்பாக்ஸுக்குள் நுழையும் இடத்துக்கு நேர்கீழே. வண்டியை எடுக்காத விடுமுறைக்குப் பிறகு வட்டங்கள் பெரிதாகின.

ஓடாத கார் ஓடும் காரைவிட அதிகம் ஒழுகுமா என்று கேட்கலாம். இன்ஜின் ஓடும்போது எண்ணெயின் ஒரு பங்கு, இன்ஜின் விசையைப் பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டருக்குள்ளும் வால்வுகளிலும் கூலர் குழாய்களிலும் சுற்றிக்கொண்டிருக்கும். அணைத்ததும் அது மெல்ல வடிந்து கீழே இறங்கும். பெட்டிக்குள் மட்டம் உயரும். ஓடும்போது எண்ணெய்க்கு மேலே இருந்த சீல்கள் இப்போது எண்ணெயில் மூழ்கி நிற்கும். டிரைவ் ஷாஃப்ட் சீலும் கியர் மாற்றும் தண்டின் சீலும் இந்த வகையில் வரும். கூலர் குழாய் போன்றவை அழுத்தம் இருக்கும்போது கசிபவை. இந்தப் பிரிவினை தெரிந்தால் சந்தேகப் பட்டியல் பாதியாகிவிடும்.

ஷாஃப்டைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார் மாமா. அளவுக்கு மீறி ஆடினால் உள்ளே பேரிங் தேய்ந்திருக்கும். புதிய சீல் போட்டாலும் விரைவில் மறுபடியும் ஒழுகும். ஆடவில்லை. அதன் பிறகு அதே பட்டறைக்குப் போய், "பெட்டியை இறக்க வேண்டாம், இந்தப் பக்க ஷாஃப்ட் ஆயில் சீல் மட்டும்" என்று அட்டையைக் காட்டினேன். ஃபோர்மேன் மணிக்கூட்டின் அடியை விரலால் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. முன் பம்ப் சீல் போயிருந்தால் எண்ணெய் அந்த மணிக்கூட்டுக்குள்ளிருந்துதான் சொட்ட வேண்டும். இன்ஜினின் பின் சீல் போனாலும் அங்கேதான் சொட்டும், ஆனால் அது பழுப்பாக இருக்கும். அவர் மறுபேச்சு பேசவில்லை. அட்டையைக் கேட்டு வாங்கி மற்ற பையன்களிடமும் காட்டினார்.

சீலின் விலை அற்பம், கூலிதான் செலவு. ஆனால் வேலை நுணுக்கமானது. ஷாஃப்டை நெம்பி எடுத்து, பழைய சீலைப் பெயர்த்து, ஷாஃப்ட் சுழலும் பரப்பில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். பள்ளம் இருந்தால் புதிய சீலும் நிற்காது. புதிய சீலின் உதட்டில் கியர்பாக்ஸ் எண்ணெயைத் தடவி, அதே விட்டம் உள்ள குழாய்த் துண்டை வைத்துச் சமமாகத் தட்டி இறக்க வேண்டும். ஷாஃப்டைத் திரும்பச் செருகும்போது அதன் பற்கள் உதட்டைக் கீறிவிடாமல் நேராகப் பிடிக்க வேண்டும். பெரும்பாலான புதிய சீல்கள் கெடுவது அந்தக் கடைசி அசைவில்தான்.

ஒழுகல் நிறுத்தும் திரவம் ஒன்று புட்டியில் விற்கிறார்கள். ரப்பரை ஊதச் செய்து இடைவெளியை அடைக்கும். விற்கப்போகிற காருக்கு வேண்டுமானால் அது உதவும், வாங்குபவரின் பாவத்தைக் கட்டிக்கொள்ளத் தயாராக இருந்தால். வெடித்த குழாயையோ தேய்ந்த ஷாஃப்டையோ அது சரிசெய்யாது. எங்கள் மாடியில் ஒருவர் ஒழுகலுக்குப் பயந்து குச்சியின் மேல்குறியைத் தாண்டி எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருந்தார். கூடுதல் எண்ணெய் உள்ளே நுரைத்து மூச்சுக்குழாய் வழியாக வெளியேற, ஒழுகல் அதிகமாகிவிட்டதாக எண்ணி மேலும் ஊற்றினார். கால் லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் அளந்து பார்ப்பதே வழி. சூடான புகைக்குழாயின் மேல் எண்ணெய் சொட்டிப் புகை வந்தால் மட்டும் அளப்பதை எல்லாம் விட்டுவிட்டு வண்டியை ஓரங்கட்ட வேண்டும். கியர்பாக்ஸ் எண்ணெய் தீப்பற்றக்கூடியது.

சீல் மாற்றிய அன்று, மறுபக்க டிரைவ் ஷாஃப்ட் சீலையும் சேர்த்து மாற்றிவிடலாம் என்றார் ஃபோர்மேன். இரண்டும் ஒரே வயதுதானே, கூலர் குழாய்களை அப்படித்தானே மாற்றினீர்கள் என்பது அவர் வாதம். காய்ந்திருக்கும் சீலைத் தொட வேண்டாம் என்றார் மாமா. குழாயை மாற்ற இரண்டு கிளிப்பைத் தளர்த்தினால் போதும். ஷாஃப்டை நெம்பினால் நன்றாக இருக்கும் பேரிங்குக்கும் பெட்டிக்கும் அடி விழ வாய்ப்பு உண்டு என்பது அவர் கணக்கு. எனக்கு மாமாவின் கணக்கே சரியாகப் பட்டது. மறுபக்கத்தில் இன்னும் ஈரம் இல்லை. அடுத்த முறை எண்ணெய் மாற்றக் காரைத் தூக்கும்போது அங்கேயும் ஒரு முறை டார்ச் அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.